பூக்குழியில் சின்ன அடி வைக்கக் கூடாது

தன்னைத் திருத்திக்கொள்ள நினைப்பவன் முதலில் தனி வீடு பார்த்துப் போய்விட வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், இருந்துகொண்டு அந்த வேலையைத் தொடங்கக் கூடாது. எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவே உள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. அந்த இடைவெளி வழியாக எங்கள் தும்மல் பக்கத்து வீட்டுக்குப் போகும், பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசம் எங்கள் வீட்டுக்கு வரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் யாருக்கும் தெரியாமல் நல்லவனாக முடியாது.

அப்போது எனக்குப் பதுளையில் ஒரு கணினி வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வேலை. எங்கள் தோட்டம் பசறைப் பக்கம். காலை பஸ்ஸை அடிக்கடி தவறவிடுவேன்; மாணவர்கள் வாசலில் நின்று எனக்காகக் காத்திருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்படிப்பட்டவன் இப்படி இருக்கலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து போனில் ஒருவர் பேசும் வீடியோ வந்தது. வாழ்க்கையை ஒரேயடியாக மாற்றப் பார்க்காதே, சின்னச் சின்னப் பழக்கமாக மாற்று, அடுத்த ஒரு சின்ன அடியை மட்டும் நினை என்றார். செலவில்லாத யோசனை. பிடித்துப்போயிற்று.

விடியுமுன் எழுந்து பீலியில் குளிப்பது முதல் பழக்கம். மலையிலிருந்து குழாய் வழியாக வந்து கொட்டும் அந்தத் தண்ணீர் அந்த நேரத்தில் தலையில் விழுந்தால் சொந்தப் பெயர் மறந்துபோகும். அதற்கென்று பசறையில் ஒரு துவாய் வாங்கினேன். கடையில் மஞ்சள்தான் இருந்தது. மெத்தை நடுவில் பள்ளம் விழுந்து முதுகு வலித்ததால் தரையில் பாய் போட்டுப் படுத்தேன். வயிறு லேசாக இருக்கட்டும் என்று இறைச்சியையும் கருவாட்டையும் நிறுத்தினேன். பேச்சைக் குறைத்தால் மனம் அடங்கும் என்று வீடியோக்காரர் சொன்னதால் அதையும் செய்தேன்.

பலன் முதலில் லயத்தில்தான் தெரிந்தது. நான் பீலிக்குப் போனால் பெண்கள் குடங்களை நகர்த்தி வழி விட்டார்கள். என்னைக் கண்டதும் ஆண்கள் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். இரண்டு பக்கத்து வீட்டிலும் கருவாடு பொரிப்பது நின்றுபோயிற்று. என்னைப் பார்த்து லயமே திருந்துகிறது என்று உள்ளுக்குள் பூரித்தேன். ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டேன். சுவர் இடிபட்டது.

"சாமி! நாலரை ஆச்சு. பீலிக்குப் போகலையா?"

பக்கத்து வீட்டு அத்தை. 'சாமி' என்றது கேலிக்கு என்று நினைத்தேன். குளித்துவிட்டு வந்ததும் அவருக்கும் கொஞ்சம் புத்தி சொன்னேன்.

"எல்லாத்தையும் சின்னச் சின்னதா ஆரம்பிக்கணும் அத்தை. மனசு வச்சா உங்களாலயும் முடியும்."

"எனக்கெங்கங்க அந்தத் தைரியம்? நெனைச்சாலே உள்ளங்கால் கூசுது."

பீலிக் கல்லின் குளிரைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "கொஞ்ச நாள்ல பழகிரும்" என்றேன். அத்தை என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் தலைவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"குழிக்கு விறகு வெட்ட ஆள் விட்டிருக்கேன். இந்த வருஷம் நம்ம லயத்துலருந்து இறங்குறது நீங்க ஒரு ஆள்தான். அதான் உங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்."

"என்ன குழி மாமா?"

தலைவர் கூட வந்தவர்களைப் பெருமையாகப் பார்த்தார். "பாத்தீங்களா, ஒண்ணுமே தெரியாத மாதிரி கேக்குறத!"

எனக்கு உண்மையிலேயே தெரியாது. திருவிழா வரும்போதெல்லாம் பண்டாரவளையில் விடுதியில் தங்கி, முதலில் பரீட்சைக்கும் பிறகு கணினிக்கும் படித்துக்கொண்டிருந்தவன் நான். தீ மிதிப்பவர்கள் விடியுமுன் குளித்து, மஞ்சள் கட்டி, தரையில் படுத்து, கவிச்சி தொடாமல், வாயடக்கி இருப்பார்கள் என்பதைத் தலைவர்தான் அன்று என்னைப் பாராட்டும் சாக்கில் சொன்னார். நான் ஒவ்வொரு பழக்கமாகச் சேர்த்து, ஒன்றையும் விடாமல், முழு விரதத்தையும் கட்டி முடித்திருந்தேன்.

"நான் நேர்த்தி ஒண்ணும் வைக்கல மாமா. உடம்பு நல்லாருக்கணும்னுதான் இதெல்லாம்."

"உடம்பு நல்லாருக்க ஆத்தாகிட்டத்தானே கேக்கணும்?"

மறுத்துப் பேசப் பேச என் அடக்கத்தின் புகழ் கூடிக்கொண்டே போயிற்று. ஊரறிய விரதத்தை உடைப்பதே வழி என்று பசறையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய்க் கோழி ரோல்ஸ் கேட்டேன். கடைக்காரர் எங்கள் தோட்டத்து ஆள். "என்னையச் சோதிக்கிறீங்களா சாமி?" என்று கண் கலங்கி, ஒரு வாழைப்பழத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். பக்கத்து மேசையில் இருந்தவர் தன் ரோல்ஸைப் பேப்பரால் மூடினார்.

அம்மாவிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தேன். அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்."

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "நீ ஏலெவல் பரீட்சை எழுதப் போனப்ப, புள்ள பாஸாகிட்டா உன்னக் குழியில இறக்கி விடுறேன்னு ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன். நான் இறங்குறேன்னு சொல்லிருக்கலாம். அவசரத்துல வாயில உன் பேருதான் வந்துச்சு."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"படிச்ச புள்ள. சிரிப்பியோன்னு பயந்தேன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் கொட்டுச் சத்தம் கேட்டா மலையில எனக்குக் கையே ஓடாது. சொன்னதச் செய்யல, உனக்கு ஏதாச்சும் ஆகிருமோன்னு. இப்பப் பாரு, நான் சொல்லாமலே அவளே உங்கிட்டச் சொல்லிட்டா."

அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. போன் என் சட்டைப் பையில் இருந்தது. எனக்குச் சொன்னது ஆத்தா அல்ல, ஒரு வீடியோக்காரர் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"குழி எவ்வளவு நீளம்மா?" என்று கேட்டேன்.

மறுநாள் கையில் காப்புக் கட்டினார்கள். திருவிழாவன்று மாலை, கொட்டுச் சத்தத்துக்கு நடுவே, கையில் வேப்பிலையோடு குழியின் ஓரத்தில் நின்றேன். அனல் முகத்தில் அடித்தது. எனக்குத் தெரிந்த மந்திரம் ஒன்றுதான்: அடுத்த ஒரு சின்ன அடியை மட்டும் நினை. ஒரு சின்ன அடி வைத்தேன். வைத்துவிட்டு, சொன்னபடியே, அடுத்ததை நினைக்கத் தொடங்கினேன். நெருப்பின் மேல் நின்றுகொண்டு நினைத்தேன்.

"சின்ன அடி வைக்காதீங்க சாமி!" என்று கரையிலிருந்து தலைவர் கத்தினார். "எட்டி வைங்க! ஓடுங்க! ஓடுடா டேய்!"

ஓடினேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான அறிவுரை அதுதான். அந்தப் பக்கம் அம்மா மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து ஒவ்வொரு பாதமாகத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலில் மட்டும் கொப்புளம். முதலில் வைத்த அந்தச் சின்ன அடியில் வந்ததாகத்தான் இருக்கும். "முடிஞ்சிருச்சுப்பா" என்று என் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காப்பு அவிழ்த்த மறுநாள் யாரும் சுவரைத் தட்டவில்லை. வெயில் ஏறிய பிறகு கருவாட்டு வாசம்தான் என்னை எழுப்பியது. லயத்தின் அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் பொரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்காக எத்தனை நாள் வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அம்மா என் தட்டிலும் ஒரு துண்டு வைத்தார். "தின்னு. இனி உன் இஷ்டம்."

மஞ்சள் துவாயோடு நொண்டிக்கொண்டு பீலிக்குப் போனேன். யாரும் குடத்தை நகர்த்தவில்லை.

"வரிசையில நில்லுங்க தம்பி, நான்தான் முன்னுக்கு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

"அத்தை, நாளைக்கு விடியக்காலையும் சுவர்ல ஒரு தட்டுத் தட்டுறீங்களா?"

"எதுக்கு? நேர்த்திதான் முடிஞ்சிருச்சே."

"சும்மா குளிக்கத்தான்."

அத்தை குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு துணி அலசிக்கொண்டிருந்த என் அம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து உன் மகனப் பாரு. சும்மா குளிக்கணுமாம், அந்தக் குளிர்ல! நெருப்புச் சூடு மண்டைக்கு ஏறிருச்சு போல."

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.