கெட்ட வார்த்தை பேச வந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. ஹைதராபாத் குகட்பள்ளியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த சின்ன டப்பிங் ஸ்டூடியோவில் அப்போது நான் தமிழ் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். கணவரின் ஐ.டி. வேலைக்காக விருதுநகரிலிருந்து வந்தவள் நான். வீட்டில் மகளிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும். அதனால் நாள் முழுக்கத் தமிழோடு இருக்கலாம் என்பதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

தமிழ் டி.வி.க்காக ஒரு தெலுங்கு நகைச்சுவைத் தொடர் எங்களிடம் வந்தது. ஒரு காலத்தில் ஓஹோ என்றிருந்த வேகப்பந்து வீச்சாளன் ஒருவன், ஆட்டமும் போய், பேரும் போய், சொந்த ஊருக்குத் திரும்பி அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொள்கிற கதை. வாயைத் திறந்தால் அசிங்கம்தான். குடித்துவிட்டுப் பள்ளிக்கூட விழாவில் பேசுவான், சாவு வீட்டில் ஏப்பம் விடுவான், அதைவிட மோசமானதையும் விடுவான். "சனியனே" என்று சொன்னாலே வாயில் சூடு போடுவேன் என்று அம்மா மிரட்டிய வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த வேலை! நான் எழுதும் வசவுகளைப் படித்துவிட்டு, "கோயில் குருக்கள் கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு மேடம்" என்று தமிழ் தெரிந்த சவுண்ட் என்ஜினியர் சிரிப்பார்.

கதாநாயகனுக்குக் குரல் கொடுக்க வந்தவர்களும் செய்தி வாசிப்பதுபோலவே பேசினார்கள். கடைசியில் என்ஜினியர் தனக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு காலை லேசாக இழுத்து நடந்தார். நாச்சாரத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி கோடவுனில் வேலை. தலைமுறை தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பமாம்.

என் தாளைப் பார்த்ததும், "இப்படித் திட்டினா எவனுக்கும் கோவம் வராது மேடம். நான் கொஞ்சம் மாத்திக்கவா?" என்று கேட்டார். மைக் முன்னால் போய் நின்று, "டேய், அழுகுன சீத்தாப்பழ மூஞ்சி!" என்று ஒரு கத்து கத்தினார். திரையில் இருந்தவனின் வாயில் அப்படியே போய் ஒட்டிக்கொண்டது. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க?"

"வீட்லதான். கெட்ட வார்த்தை பேசினா அப்பா பெல்ட்டை எடுப்பார். அதுக்காக நானும் எங்க அண்ணனும் நாங்களே வார்த்தை செஞ்சுக்கிட்டோம்."

அதற்குப் பிறகு வேலை கடகடவென்று நடந்தது, ஒரு காட்சி வரும்வரை. கதாநாயகன் தன் அண்ணன் வீட்டு வாசலில் பெட்டியோடு நிற்கிறான். அண்ணன் கதவைத் திறக்கிறார். "அண்ணே, எனக்குப் போக வேற எடம் இல்ல" என்று ஒரே ஒரு வரி. அத்தனை அசிங்கத்தையும் அநாயாசமாகப் பேசியவருக்கு இது வரவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தும் பாதியிலேயே நின்றது. "டீ குடிச்சிட்டு வரலாம்" என்று நானே கூப்பிட்டேன்.

கீழே டீக்கடையில் நின்றபடி அவராகவே சொல்ல ஆரம்பித்தார். அவர் கால்பந்து ஆடியவர். அவருடைய அப்பா சொல்லி வைத்து வாங்கிக் கொடுத்த ஃபேக்டரி வேலையை உதறிவிட்டு, பேர் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்று சவால் விட்டுக் கிளம்பியவர். கல்கத்தா, கோவா என்று கிளப்புகளுக்கு ஆடியிருக்கிறார். பிறகு முழங்கால் போயிற்று.

"அப்பா போனப்ப கோவால ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரில கெடந்தேன் மேடம். வர முடியல. அப்புறம் வர்றதுக்கு மூஞ்சி இல்ல. வராதேன்னு யாரும் சொல்லல. வான்னும் யாரும் சொல்லல."

"அண்ணன் இப்ப எங்கே இருக்கார்?"

"குஷாய்குடால சொந்த வீடு. ரிட்டையர் ஆயிட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாச்சாரத்திலிருந்து குஷாய்குடாவுக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினால் பேச ஆரம்பிப்பதற்குள் போய்விடலாம்!

"எத்தனையோ தடவை போயிருக்கேன்" என்றார். "அவன் தெரு வந்தா எறங்க மாட்டேன். அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பிடுவேன். கிரவுண்டுகூட அவ்வளவா ஞாபகம் வராது மேடம். மேட்ச் முடிஞ்சதும் அண்ணன் சைக்கிளோட நிப்பான். பின்னாடி உக்காந்து அவன் முதுகுல சாஞ்சு தூங்கிட்டே வருவேன். அந்தத் தூக்கம் அப்புறம் எனக்கு வரவே இல்ல."

மேலே போனதும் அந்த வரியை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். என்ஜினியர் இன்னொரு டேக் கேட்கவில்லை.

தொடர் டி.வி.யில் வர ஆரம்பித்து இரண்டு வாரம் இருக்கும். ஸ்டூடியோவில் என் நம்பரை வாங்கிக்கொண்டு ஓர் அம்மா கூப்பிட்டார்.

"அந்த சீரியல்ல ஹீரோவுக்குப் பேசறது யாரும்மா? சீத்தாப்பழ மூஞ்சின்னு திட்டறாரே..."

யாரென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவருடைய அண்ணி! அவர்கள் மகள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது, குளித்துக்கொண்டிருந்த அண்ணன் ஈரத்துண்டோடு ஓடி வந்து, "அவன்தான், அவன்தான்" என்றாராம்.

"இந்த மாதிரி கண்றாவியெல்லாம் வீட்ல போடவே விட மாட்டார். இப்ப தினம் எங்களையெல்லாம் உள்ள போகச் சொல்லிட்டு ஒத்தையா உக்காந்து கேக்கறார். பாக்கறதுகூட இல்லம்மா. கண்ணை மூடிட்டு கேக்கறார். எங்க கொழுந்தனார் நம்பரைக் குடேன்."

அவரைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"நக்கோ மேடம், நக்கோ, வேணாம்" என்று ஹைதராபாத் பேச்சில் பதறினார். "என்ன சொல்லிட்டுப் போவேன்? பேர் எடுத்தேன்னா? கோடவுன்ல மூட்டை எண்ணறேன்னா?"

அண்ணி சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதைச் சொன்னபோது போன் கட்டாகிவிட்டது. நன்றாக இருந்தவரை நான்தான் கலைத்துவிட்டேனோ என்று ஒரு வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரே கூப்பிட்டார். "மேடம், நீங்களும் வர்றீங்களா? தனியாப் போனா மறுபடியும் அடுத்த ஸ்டாப்புக்குப் போயிடுவேன்."

அண்ணிக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நாச்சாரத்தில் காத்திருந்தவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, ஷேவ் செய்த முகம். அண்ணனின் தெரு முனையில் இறங்கியதும், "இன்னொரு நாள் வரலாம் மேடம்" என்று திரும்பினார். ஆனால் அதற்குள் ஒரு கேட் திறந்துவிட்டது. லுங்கியோடு, தலை முழுக்க நரைத்த ஒருவர் எங்களை நோக்கி வேகமாக வந்தார். பக்கத்தில் வந்ததும் நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். அண்ணனின் பார்வை கீழே இறங்கியது.

"முட்டி எப்படிடா இருக்கு?"

"மழை வந்தா வலிக்கும்."

"படி ஈரமா இருக்கு. பாத்து ஏறு" என்று சொல்லித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். என்ன வேலை செய்கிறாய், இத்தனை வருடம் எங்கே போனாய், ஒரு கேள்வி கிடையாது. நான் ரோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தேன். அண்ணி வந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

இட்லி வைத்தார்கள். தம்பி தட்டில் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அண்ணன் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இனிமே அந்த சீரியலை இந்த வீட்ல போட மாட்டோம்மா. என்ன அசிங்கமாப் பேசறான்!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். தம்பியும்தான். சிரிப்பு நின்ற பிறகும் அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் ஆட்டோவில் திரும்பினேன். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மனம் விருதுநகருக்குப் போய்விட்டது. அம்மா, அப்பா இருவரும் இல்லை. வீட்டை விற்றாயிற்று. கூடப் பிறந்தவர்களும் கிடையாது. எங்கோ ஒரு டி.வி.யில் என் குரல் கேட்டால், ஈரத்துண்டோடு ஓடி வந்து "அவதான்" என்று சொல்ல அந்த ஊரில் இன்று யார் இருக்கிறார்கள்?

இப்போது அவர் அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார். எப்போதாவது பேசும்போது, "இங்க வந்ததுலேருந்து நல்லாத் தூங்கறேன் மேடம்" என்பார். எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். ஜெயித்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்று யாராவது சொல்லக் கேட்டால், அங்கே உங்கள் குரலைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே ஒரு நடை போய் வந்துவிடுங்கள் என்று இன்றும் நான் கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.