நான் சொல்லாததை என் இரத்தம் சொன்னது

என்னைப் போல ஒண்டியாக இருக்கிற சகோதரிகளும் சகோதரர்களும் வாசிக்க வேண்டும் என்றுதான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வாசலையே பார்த்துக் கிடந்தவர்களுக்கு இது சீக்கிரம் புரியும்.

1999ஆம் வருடம் ஜூலை மாதம். எங்கள் கோயம்புத்தூரில் அது ஆடிக் காற்று ஆரம்பிக்கிற சமயம். நான் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது ஐம்பத்தாறு. அம்மா இருந்தவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அம்மா போன பிறகு, வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடு ஒன்றில் நானும் தையல் மிஷினும்தான். கல்யாணம் ஆகாத எனக்கு விடாமல் கூட வந்த துணை என்றால் சர்க்கரை வியாதி ஒன்றுதான்.

ஒரு நாள் காலையில் தண்ணீர்த் தொட்டி அருகே வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள்.

தாராபுரத்தில் எனக்கு ஒரே தம்பி. குடும்பஸ்தன். வீட்டுக்காரம்மா அவனுக்கு போன் பண்ணப் போனபோது, "சின்ன அடிதானுங்க, நாலு நாள்ல ஊட்டுக்கு வந்துருவேன், அலைய வேண்டாம்னு சொல்லிருங்க" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். அந்த அம்மாவும் ஒரு வார்த்தை பிசகாமல் அப்படியே சொல்லிவிட்டார். அவனும் நம்பிவிட்டான்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளி என்றால் இரண்டு பேர். கட்டிலில் படுத்திருப்பவர் ஒருவர். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் துணை ஒருவர். மருந்து வாங்கி வருவதும், பிளாஸ்கில் வெந்நீர் பிடிப்பதும், நர்ஸைக் கூப்பிடுவதும் அந்தத் துணைதான். என் கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு ஸ்டூல் இருந்தது. காலியாக இருந்தது.

"கூட யாருங்கம்மா இருக்கறாங்க?" என்று நர்ஸ் கேட்டார். "வந்துட்டு இருக்காங்க" என்றேன். வீட்டுக்காரம்மா சாயங்காலம் சாப்பாடு கொண்டு வருவார். அவருக்கும் வீடு வாசல் இருக்கிறதல்லவா? கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். மற்றபடி யாரும் வரவில்லை.

எலும்பு முறிந்தவர்களுக்கு அங்கே ஆண், பெண் என்று பிரிக்காத ஒரே வார்டு. பக்கத்துக் கட்டிலில் தொண்டாமுத்தூர்ப் பெரியவர் ஒருவர். வயல்காட்டுக்குள் யானை வந்து துரத்தி, வரப்பில் விழுந்து காலை முறித்துக்கொண்டவர். அவர் மனைவி அவரைவிட்டு அசைய மாட்டார். அவர்களைப் பார்க்க ஊரே வந்தது. ஒரு நாள் அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "ஏனுங்க அம்மணி, இந்த ஸ்டூல்ல யாரும் உக்காரக் காணோமே, நாங்க எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "எடுத்துக்கங்க" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துக்கொண்டு போன பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். இடுப்பு வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அதைப் பொறுக்க முடியவில்லை.

ஆபரேஷனுக்கு முன்தினம் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வந்து என் ஈ.சி.ஜி.யை வெகுநேரம் பார்த்தார். சின்னப் பெண். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். "ஆபரேஷன் முடிஞ்சதும் சில நாள் காலைல உங்க ரத்தத்தை எடுத்துப் பார்க்கணும்மா. இருதயத் தசைக்கு அடிபட்டா ரத்தத்துல ஒரு புரதம் கலக்கும். அதைக் கண்டுபிடிக்க இப்பப் புதுசா ஒரு டெஸ்ட் வந்திருக்கு" என்றார்.

"உடைஞ்சது எலும்புதானுங்களே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எலும்பு உடைஞ்சவங்களுக்கும் இருதயம் இருக்குதேம்மா. சர்க்கரைக்காரங்களுக்கு நெஞ்சுவலி வந்தாலும் வந்ததே தெரியாது. ஆபரேஷனுக்கு அப்புறம் வலி மருந்து வேற ஓடும். நீங்களே சொல்லுவீங்கன்னு நாங்க காத்திருக்க முடியாது. பழைய டெஸ்ட் இருக்கு, ஆனா அது கால் சதையை வெட்டினாலும் ஏறிக் காட்டும். இது இருதயத்தை மட்டும் சொல்லும்."

எனக்கு அது அப்போது மண்டையில் ஏறவில்லை. இருக்கிற இரத்தத்தையும் உறிஞ்சுகிறார்களே என்று எரிச்சல்தான் வந்தது.

புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வியாழன் காலை இரத்தம் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். அன்றைக்குச் சாயங்காலம்தான் உடம்பு என்னவோ செய்தது. வலி இல்லை, அதை மறுபடியும் சொல்கிறேன், நெஞ்சில் ஒரு பொட்டு வலி இல்லை. ஆனால் உயிரே கால் வழியாக இறங்கிப் போகிற மாதிரி ஒரு அசதி. மூச்சு பாதியிலேயே நின்றது. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

தொண்டாமுத்தூர் அம்மா எட்டிப் பார்த்து, "என்னுங்க அம்மணி, இப்படி வேர்க்குது?" என்றார்.

"காத்தே இல்லீங்களே, அதானுங்க" என்றேன்.

வெளியே ஆடிக் காற்று ஜன்னல் கதவைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நர்ஸைக் கூப்புடட்டுங்களா?" என்றார். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க. நீங்க அவரைப் பாருங்க" என்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. சாகக் கிடந்தாலும் வந்தவரிடம் "வாங்க, காப்பி குடிங்க" என்று சொல்கிற ஊர் எங்களுடையது. நல்லாருக்கீங்களா என்று யார் கேட்டாலும் நல்லாருக்கறனுங்க என்பதுதான் பதில். வேறு பதில் சொல்ல எங்களுக்கு யாரும் பழக்கவில்லை. துணைக்கு ஆள் இருந்தால் நம் வாய் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள். துணை இல்லாதவளுக்கு யார் சொல்வது?

கண்ணை மூடிக்கொண்டேன். பெரிய ஜெபமெல்லாம் செய்ய மூச்சு இல்லை. "ஆண்டவரே, எனக்காகப் பேச ஒருத்தரும் இல்லை. யாரையாவது அனுப்பும்" என்று மட்டும் கேட்டேன். என் மனதில் இருந்தது தம்பிதான். பார்வையாளர் நேரத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தேன். யார் யாருக்கோ யார் யாரோ வந்தார்கள். வீட்டுக்காரம்மாவுக்கும் அன்று வர முடியவில்லை. மணியடித்து எல்லோரையும் போகச் சொன்னார்கள். ஆண்டவரும் என்னை மறந்துவிட்டார் என்று நினைத்து அழுதேன். விசுவாசி அப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் லேப்காரர் வந்து, "ரத்தம் எடுத்துப்போட்டுப் போயிர்றனுங்கம்மா" என்று குத்தி எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் என்னை எழுப்பி நடக்க வைக்க வாக்கரோடு ஆட்கள் வந்தார்கள். "தயாருங்களாம்மா?" என்றார்கள். "தயாருங்க" என்றேன். கையை ஊன்றி எழப் போனேன்.

அப்போதுதான் டாக்டரம்மா அரக்கப்பரக்க உள்ளே வந்தார். "எழுப்பாதீங்க! படுக்க வைங்க!" என்றார். என் மணிக்கட்டைப் பிடித்தபடி, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார்.

"நல்லாருக்கறனுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. உங்க ரத்தம் அப்படிச் சொல்லலியே. இப்ப நிஜத்தைச் சொல்லுங்க."

பார்க்க வந்தவர்கள் போன பிறகு அந்த அம்மா திருப்பி வைத்த காலி ஸ்டூல் மறுபடி என் பக்கத்தில் இருந்தது. அதில் அவர் உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அதில் எனக்காக உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அசதி, மூச்சு, வேர்வை எல்லாவற்றையும் சொன்னேன். கூட யாரும் வரமாட்டார்கள் என்பதையும் சொன்னேன். பக்கத்துக் கட்டில் அம்மாவும், "நேத்துப் பொழுது சாயறப்பவே குளிச்ச மாதிரி வேர்த்துச்சுங்க டாக்டர். கேட்டா காத்தில்லைன்னு சொல்லிப்போட்டாங்க" என்று தன் பங்குக்குச் சொன்னார்.

வலியே இல்லாமல் எனக்கு மாரடைப்பு ஆரம்பித்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே யாருக்கும் துணை கிடையாது. எல்லோரும் தனிதான். மிஷின்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. விநோதம் என்னவென்றால், அங்கே எனக்குத் தனிமை தெரியவில்லை. யாரையாவது அனுப்பும் என்று கேட்டேன் அல்லவா? ஆண்டவர் வாசல் வழியாக ஆளை அனுப்பவில்லை. என் நரம்புக்குள் ஓடுகிற இரத்தத்தையே எனக்காகப் பேச வைத்தார் என்று அங்கே படுத்திருந்தபோதுதான் உறைத்தது. நான் வாயை இறுக மூடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அது சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

அன்று காலை நடக்க வைத்திருந்தால் இருதயம் தாங்கியிருக்காது என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். சரியான சமயத்தில் மருந்து ஏற்றியதால் பிழைத்தேன்.

இந்த முறை தம்பிக்கு நானே செய்தி சொல்லி அனுப்பினேன். "பயமா இருக்குது, வா" என்று. அவன் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்து கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதான். உள்ளே விட்டதும், "ஏக்கா, ஒரு வார்த்தை நெசத்தச் சொல்லியிருந்தா நான் வராமயா இருந்துருப்பேன்?" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சபையில் இதைச் சொன்னபோது ஒரு சகோதரர், "டெஸ்ட்டுதானே காப்பாத்துச்சு, ஜெபம் எங்க வந்துச்சு?" என்று கேட்டார். சோறுதான் பசியை ஆற்றியது என்றால், அதைக் கொடுத்த கை இல்லை என்று ஆகிவிடுமா? அந்த டெஸ்ட்டை என் ஊருக்கும், அந்தப் பெண்ணை என் கட்டிலுக்கும் கொண்டு வந்தது யார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சகோதரரோடு நான் சண்டைக்குப் போகவில்லை.

என் தனிமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தம்பி தாராபுரம் திரும்பிவிட்டான். சாயங்காலம் விளக்கைப் போட்டால் வீட்டில் நானும் மிஷினும்தான். ஆனால் இப்போது யாராவது எப்படி இருக்கீங்க என்று கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன். ஆண்டவரிடமும் அலங்காரம் இல்லாமல் பேசுகிறேன். உங்களையும் அதற்குத்தான் அழைக்கிறேன். அவர் முன்னால் நல்லாருக்கறனுங்க என்று மரியாதைக்குச் சொல்லாதீர்கள். வலிக்கிறது என்றே சொல்லுங்கள், கேட்கிறார்.

சனிக்கிழமைகளில் அதே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வார்டில் காலி ஸ்டூல் எந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து அதில் உட்காருவேன். "எப்படிங்க இருக்கறீங்க?" என்று கேட்பேன். "நல்லாருக்கறனுங்க" என்பார்கள். நான் எழுந்து போக மாட்டேன். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடியும் கேட்பேன்.