பள்ளிக்கூட நேரம் மட்டும்

போன திங்கட்கிழமை திருச்சியிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சிறுவாச்சூரில் கோயில் கூட்டம். வேன்களும் ஆட்டோக்களும் குறுக்கும் நெடுக்குமாக நிற்க, எங்கள் பஸ் நகர வழியில்லாமல் நின்றுவிட்டது. அப்போது ஜன்னல் வழியே அந்த வாசனை வந்தது. வைக்கோல் புகையும் சூடேறிய தோலும் கலந்த வாசனை. எட்டிப் பார்த்தேன். சாலைச் சரிவில் நாலைந்து பையன்கள் வைக்கோலைக் கொளுத்தி, பறையை நெருப்புக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம்டா" என்றான்.

பக்கத்து சீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு நன்றாகப் பசித்தது. சிரிக்காதீர்கள். அந்த வாசனை வந்தால் கொஞ்ச நேரத்தில் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம் வரும் என்று ஒரு காலத்தில் என் வயிறு பழகிக்கொண்டது. அது இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பொட்டலத்துக்காகத்தான் நான் பாட்டுக் குழுவில் சேர்ந்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. டிகிரி முடித்துவிட்டு பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருந்த காலம் அது. அங்கே வேலை செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஊர் ஊராகப் போய் இளைஞர்களைக் கூட்டிப் பேசுகிற ஒரு சின்ன அமைப்பு அப்போது டவுனில் இருந்தது. பெண் பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும், பதினெட்டு ஆகும் முன் கட்டிக்கொடுக்கக் கூடாது, டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான் இருக்க வேண்டும், இதையெல்லாம் பேசினால் யாரும் கேட்பதில்லை, பாடினால் கேட்பார்கள் என்று கண்டுபிடித்து ஒரு குழு சேர்த்தார்கள். நாலே பேர்.

பறையடிக்க முத்து. அரியலூரைத் தாண்டி ஒரு கிராமத்துக் காலனிப் பையன். பாட்டு எழுதவும் பாடவும் அமுதா. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர்க்காரி, பெரம்பலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் பாட லப்பைக்குடிக்காட்டு சிராஜுதீன். அவனுடைய அத்தா துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய ஆம்னி வேன்தான் எங்களுக்கு வாகனம். நாலாவது ஆள் நான். எனக்குக் குரல் கிடையாது, தாளமும் கிடையாது. கையில் ஜால்ராவைக் கொடுத்தார்கள். "அண்ணே, ஆபீஸ் வேலைக்கு இப்பவே பழகிக்க" என்று முத்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

முத்து சிரித்தால் முதலில் தோள்தான் குலுங்கும், சத்தம் பிறகு வரும். அவனுடைய அப்பா அந்த வட்டாரத்தில் பேர்போன பறைக்காரர். ஊர்த்தெருவில் யார் செத்தாலும் அவருக்கு ஆள் வரும், போயே ஆக வேண்டும். முத்து பத்தாவது படிக்கும்போதே இனிமேல் அந்தச் சாவுகளுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். எங்களோடு அடிக்க ஆரம்பித்த பிறகு அவர் கேட்டாராம், "செத்தவனுக்கு அடிக்க மாட்டேங்குற. உசுரோட இருக்கவனுக்கு அடிச்சா மட்டும் கேட்டுடுவானா?" அதையும் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னான்.

அமுதா அப்படியில்லை. அவளுக்குச் சட்டென்று கோபம் வரும். செந்துறைப் பக்கம் ஓர் ஊரில் வேனை விட்டு இறங்கியதுமே ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து மரியாதையாகத்தான் சொன்னார்.

"பாட்டு பாடுங்க தம்பி, தாராளமா பாடுங்க. கோயில் வாசல்ல அந்த மோளம் மட்டும் வேணாம்."

நான் ஜால்ராக்காரன் அல்லவா, சரிங்க என்று தலையாட்டப் போனேன். அதற்குள் அமுதா முன்னால் வந்துவிட்டாள்.

"அது வேணாம்னா பாட்டும் வேணாங்க. வண்டிய எடு பாய்."

சிராஜ் வண்டியை எடுத்துவிட்டான். எலுமிச்சம்பழச் சாதத்தை வழியில் ஒரு வாய்க்கால் மதகில் உட்கார்ந்து தின்றோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய முத்து, பறையை எடுத்து அந்த மதகுமேலேயே உட்கார்ந்து அடித்தான். எங்களைத் தவிர கேட்க ஆளில்லை. அவ்வளவு நன்றாக அவன் அடித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அரியலூர்ச் சாலைகளில் போயிருக்கிறீர்களா? மழை பெய்த மறுநாள்தான் அங்கே புளியமரம் பச்சை என்று தெரியும். மற்ற நாளெல்லாம் வெள்ளை. சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். முத்துவின் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அதே சாலையில்தான். ஒருநாள் காலையில் அவனுடைய அக்கா மகள் கனிமொழி சைக்கிளில் போனபோது லாரி ஒன்று இடித்துவிட்டது. ஏழாவது படிக்கிற பிள்ளை. உயிர் பிழைத்தாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முத்து அமுதாவிடம் சொன்னான், "எழுது. இந்த ரோட்டுல லாரியே வரக் கூடாதுன்னு எழுது."

அமுதா எழுதிக்கொண்டு வந்தாள். வேனுக்குள் உட்கார்ந்து மெதுவாகப் பாடிக் காட்டினாள்.

"பள்ளிக்கூட நேரம் மட்டும் பாத விடு லாரி
பச்சப்புள்ள சைக்கிளுல பத்திரமாப் போவட்டும்
சுண்ணாம்புக் கல்லெடுத்து ஊருக்கெல்லாம் வூடு கட்டு
சின்னப்புள்ள எலும்பெடுத்தா எந்த வூடு நிக்கும்?"

சிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முத்து மட்டும், "அது என்னா 'மட்டும்'?" என்று கேட்டான்.

"லாரியே வேணாம்னு கேட்டா யாரு முத்து குடுப்பா? பாட்டக் கேட்டுட்டு கைதட்டிட்டுப் போயிடுவாங்க. குடுக்குற மாதிரி கேப்போம். மொதல்ல புள்ளைங்க பொழைக்கட்டும்."

"மோளம் மட்டும் வேணாம்னதுக்கு வண்டிய எடுன்ன."

"அது நம்ம மானம். இது புள்ளைங்க உசுரு."

"சரி, பாடு" என்று முத்து பறையை எடுத்துக்கொண்டான். இருவரில் யார் சொன்னது சரி என்று அன்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் அமுதா பக்கம்தான் சொல்லியிருப்பேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அதுதான் துக்கம்.

அந்தப் பாட்டு பரவியதை நாங்களே எதிர்பார்க்கவில்லை. முதலில் காலனிப் பிள்ளைகள் பாடினார்கள், பிறகு ஊர்த்தெருப் பிள்ளைகள். தெரு வேறானாலும் சாலை ஒன்றுதானே. காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் சாலையோரம் வரிசையாக நின்று பாடுவார்கள், முத்து பறையடிப்பான். லாரிக்காரர்களில் சிலர் ஹாரனை அழுத்திக்கொண்டு போனார்கள். ஒருவர் இறங்கி வந்து முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "எம் பொண்ணும் ஏழாவதுதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். கிராம சபைக் கூட்டத்தில் வரவேற்புரைக்குப் பதிலாகப் பிள்ளைகள் இதைப் பாடினார்கள். அடுத்தடுத்த ஊர்களிலும் பாடினார்கள். யாரோ எடுத்த வீடியோ போன் போனாகப் போனது. அதிகாரிகள் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள், மறுபடியும் வந்தார்கள். கடைசியில் ஆர்டர் வந்தது. காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூட நேரத்தில் அந்தச் சாலையில் லாரி போகக் கூடாது.

மறுநாள் காலை நாங்கள் நாலு பேரும் ஊர் எல்லையில் போய் நின்றோம். சாலை காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் முதலில் பழக்கதோஷத்தில் ஓரமாகவே சைக்கிள் மிதித்தார்கள். ஒருத்தி தைரியமாக நடுவுக்கு வந்தாள். பின்னாலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள். சாலை முழுக்கச் சைக்கிள், அத்தனை பெல்லும் ஒன்றாக. முத்துவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை சிரிப்பில்லை, அழுகிறான் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்குத் தெரிந்தது. "ஒன்னோட 'மட்டும்' ஜெயிச்சிடுச்சு அமுதா" என்றான்.

லாரிகள் எங்கே போயின என்று அன்று நாங்கள் யோசிக்கவில்லை. எங்கேயும் போகவில்லை. பள்ளிக்கூட நேரம் முடியட்டும் என்று ஊருக்கு வெளியே வரிசை கட்டி நின்றன. டிரைவர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நின்ற நேரத்துக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். ஆகவே தடை முடிந்த நிமிஷம், இழந்த நடையைப் பிடிக்க ஒன்றையொன்று முந்திக்கொண்டு கிளம்பும். சாயங்காலம் ஆடு ஓட்டி வருபவர்கள் முனகினார்கள். அதற்கும் ஒரு பாட்டு எழுத வேண்டும் என்று அமுதா சொல்லிக்கொண்டிருந்தாள். பரீட்சை முடியட்டும் என்றாள்.

கனிமொழிக்குச் செயற்கைக் கால் பொருத்திய பிறகு, முத்துதான் தினமும் மொபெட்டில் கொண்டுபோய் பள்ளிக்கூடத்தில் விடுவான். அன்றைக்கும் விட்டான். காலி ரோட்டில் மெதுவாகத்தான் போயிருக்கிறார்கள். வகுப்புவரை அவளைக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு, கேட்டில் வாத்தியாரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வளைவில் இரண்டு லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. அவனுக்கு ஒதுங்க இடமில்லை.

சிராஜ் எனக்குப் போன் செய்தான். "முத்து..." என்றான், பிறகு "யா அல்லா, யா அல்லா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் பறையோடு வந்திருந்தார்கள். முத்துவின் அப்பா எழுந்து போய் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்யா. எம் புள்ள, சாவுக்கு அடிக்க மாட்டேன்னவன். அவனுக்கும் அடிக்க வேணாம்."

பறைச்சத்தம் இல்லாத சாவை அந்தத் தெரு பார்த்ததில்லை. ஊர்த்தெருவிலிருந்தும் பத்திருபது பேர் வந்து நின்றார்கள். அவர்களுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. தங்கள் வீட்டுச் சாவுக்கெல்லாம் அடித்தவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யூனிஃபார்மோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே அந்தப் பாட்டை ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட நேரம் மட்டும்...

"நிறுத்துங்கடி!"

அமுதாதான். அவள் குரல் அப்படிக் கிழிந்து கேட்டதில்லை. பிள்ளைகள் பயந்து நின்றுவிட்டார்கள். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தான எழுதுனேன். மட்டும்னு நாந்தான எழுதுனேன். அவன் வேணாம்னான்."

சிராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, "ஓம் பாட்டாலதான் அமுதா இத்தன புள்ளைங்க நடமாடுது. இன்னிக்கிக் காலையிலயும் பத்திரமாத்தான போச்சுங்க?" என்று சொல்லிப் பார்த்தான். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்த ஆர்டர் வந்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை எதற்கும் அங்கே அடிபடவில்லை. அமுதா அவனைப் பார்த்த பார்வையில், அந்த உண்மையால் தனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது தெரிந்தது.

அதற்குப் பிறகு குழு என்று ஒன்று இல்லை. கலைந்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை, அடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. சிராஜ் வேனை விற்றுவிட்டுத் துபாய்க்குப் போனான். எப்போதாவது அங்கிருந்து போன் செய்வான், வேலையைப் பற்றிப் பேசுவான், பாட்டைப் பற்றிப் பேச மாட்டான். அந்த அமைப்பை மூடிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். சாலையை அகலப்படுத்தியபோது புளியமரங்களும் போயின. ஒதுங்க இப்போது இடம் இருக்கிறது. கனிமொழி வளர்ந்து, திருச்சியில் சட்டம் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. முத்துவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் அமுதா வீட்டுக்குப் போனேன். அவள் இப்போது பெரம்பலூரிலேயே நர்ஸாக இருக்கிறாள். கல்யாணம் ஆகி, கைக்குழந்தை இருக்கிறது. பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. "வாங்கண்ணே, என்னா திடீர்னு?" என்று சிரித்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். டீ போட்டாள். வாடகை, டியூட்டி, குழந்தைக்குப் போட்ட ஊசி என்று எல்லாவற்றையும் பேசினோம். இன்னும் எழுதுகிறாயா என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமல் டீயை ஊதி ஊதிக் குடித்தேன்.

தூளியில் குழந்தை முழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அமுதா எழுந்து போய்த் தூளியை ஆட்டினாள். அழுகை நிற்கவில்லை. ஊரூராக அத்தனை பிள்ளைகளையும் பாடவைத்தவள், இப்போது பாடுவாள் என்று நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"இதுக்குப் பாட்டு போட்டாத்தாண்ணே தூங்கும்" என்று ஜன்னல் கட்டையிலிருந்து போனை எடுத்து, ஒரு தாலாட்டைத் தேடிப் போட்டாள். யாரோ ஒரு பெண் போனுக்குள் பாட ஆரம்பித்தாள். அமுதா வாயை இறுக மூடிக்கொண்டு, தூளிக் கயிற்றை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.