சுடலை டப்பாவில் வைத்திருந்த பல்பு

வண்டன்மேட்டில் சுடலையைப்போல வன்மம் வைக்கத் தெரிந்த ஆள் உண்டா என்று கேட்டால், சுற்றியிருக்கிற மலையெல்லாம் இல்லையென்று தலையாட்டும். ஒரே ஒரு பல்பைப் பஞ்சில் சுற்றி, பவுடர் டப்பாவில் எட்டு வருஷம் வைத்திருந்தான். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பொத்தி வளர்க்கவில்லை என்பாள் அவன் பெண்சாதி வேலுத்தாய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அவன் ஓர் ஏலக்காய்த் தோட்டத்து மேனேஜர் செல்லத்துரையின் அம்பாசடரைக் கழுவுகிற ஆள். காரின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை. மேனேஜர் சொல்லி, கம்பத்திலிருந்து புது பல்பு வாங்கிவந்து மாட்டினான். அதுவும் எரியவில்லை. புதுசை விற்றுவிட்டுப் பீஸ் போனதை மாட்டிவிட்டான் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். மறுநாள் காலை, ஆட்களைப் பேர்சொல்லி எண்ணுகிற பெரட்டுக்களத்தில் இருநூறு பேர் முன்னால் அவனை நிறுத்தி, 'நான் பல்புத் திருடன்' என்று மூன்று தடவை கத்தச் சொன்னார். சத்தம் போதாதென்று அது ஐந்தாயிற்று. பிறகு பல்பை அவன் மூஞ்சியில் வீசி, வேலையை விட்டே விரட்டினார்.

சுடலை பல்பைக் கீழே விழவிடாமல் பிடித்துக்கொண்டான். வழியில் நின்ற லாரியின் பாட்டரியில் வைத்துப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் கோளாறு காரில். காரில் எங்கே என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மதுரைக்குப் போய் ஒயரிங் பட்டறையில் மூன்று வருஷம் கிடந்தான். திரும்பி வந்து, ஏலக்காய் ஏலம் போடுகிற கட்டடத்துக்கு நேரெதிரே தகரக்கொட்டகை போட்டான். அந்தக் கார் ஒருநாள் வந்துதானே ஆகவேண்டும்.

எழுபத்தாறில் வந்தது. அன்றைக்கு ஏல நாள், தெரு நிறையக் கூட்டம். சாயங்காலம் தேனியில் மேனேஜர் மகளுக்கு நிச்சயதார்த்தம். டிரைவர் லீவு என்று தானே ஓட்டிப் போனவரை, பின்விளக்கு இல்லாமல் மூடுபனியில் மலையிறங்கக் கூடாதென்று செக்போஸ்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரேக்கை மிதித்தால் சிவப்பு விளக்கு மங்குகிறது, இண்டிகேட்டர் அரைக்கண் சிமிட்டுகிறது. இத்தனை வருஷமும் விளக்கைத் தட்டித் தட்டியே ஓட்டியிருக்கிறார்கள்.

ஒரே பார்வையில் சுடலைக்கு விளங்கிவிட்டது. விளக்கிலிருந்து கார் உடம்புக்குப் போகிற எர்த் ஒயர் துருவேறிக் கிடக்கிறது. கரண்டு திரும்பிப்போக வழியில்லாமல் பக்கத்து விளக்குக்குள் புகுந்து அலைகிறது. உப்புத்தாளால் நாலு தேய், அரை முழ ஒயர், அவ்வளவுதான் வேலை. ஆனால் எட்டு வருஷத்தை அரை முழத்தில் முடிக்கலாமா?

பிரேக்கை மிதிக்க ஓர் ஆள் வேண்டுமென்று வேலுத்தாயை மேனேஜரின் சீட்டிலேயே உட்காரவைத்தான். தன் இரண்டு கையும் ஒயரில் இருப்பதால், எரிகிறதா இல்லையா என்று ஐயாதான் பின்னால் நின்று சொல்லவேண்டும் என்றான். அவர் சொன்னார். முன்சீட்டிலிருந்து வேலுத்தாய், காதே கேட்கவில்லை என்றாள். அவர் கத்தினார். எரியலை, எரியலை என்று நாற்பது தடவை அவர் கத்தியது மலைக்குக் கீழே கம்பத்துச் சந்தையில் கேட்டு, ஒரு வியாபாரி எழுந்து அடுப்பைப் பார்த்தானாம். ஏலம் நின்றுபோய்க் கூட்டம் காரைச் சூழ்ந்துகொண்டது.

அப்புறம்தான் டப்பாவைத் திறந்தான். பல்பை மாட்டி, எர்த் ஒயரின் முனையைத் தகரத்தில் வைத்து விரலால் அழுத்தினான். சிவப்பு திகுதிகுவென்று எரிந்தது.

"ஐயா, இது நீங்க என் மூஞ்சியில வீசுன பல்பு. இப்ப சொல்லுங்க. சுடலை திருடலைன்னு."

செல்லத்துரை கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். சுடலை விரலை எடுத்தான். விளக்கு அணைந்தது.

"என்னங்க, அங்க என்ன சொல்றாரு?" என்றாள் வேலுத்தாய், ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே.

இரண்டாம் தடவையும் அணைந்தது. மூன்றாம் தடவை தொண்டை கிழியச் சொன்னார். போதும்தான். ஆனால் அன்றைக்குப் பெரட்டுக்களத்தில் ஐந்தாயிற்றே. ஐந்தும் ஆன பிறகே ஸ்குரூவை முடுக்கினான். தன் பல்பைக் கழற்றிக்கொண்டு காரில் இருந்த பழையதையே மாட்டினான். அதுவும் நன்றாக எரிந்தது.

கூலி வேண்டாமென்றுவிட்டான். கார் மூடுபனிக்குள் இறங்கி மறைகிறவரை தெருவில் நின்று பார்த்தான். மரியாதைக்கு அல்ல, மறுபடி அணைகிறதா என்று.