பட்டன் ரோசாவுக்குக் கவ்வாத்து

கறுப்பையா பழனியாண்டி, பிறப்பு 1956, வசிப்பு செட்டிகுளம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வேப்பங்கொட்டை ஊறிய நீரில் விரலை நனைத்து, ரோசா இலையொன்றின் அடிப்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிளகாய்த்தூள் போல விரலில் ஒட்டிய செஞ்சிலந்திகளை இடுப்புச் சாரத்தில் தேய்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார். இவ்வாண்டு ஆனி மாதம் முழுவதும் அவருடைய காலைகள் இப்படியே கழிந்தன.

நெல் விதைத்தே வயது போனவர். பூச்செடி வளர்ப்பில் அரிச்சுவடி மாணவர். முதலில் பச்சைச் சாணத்தை அள்ளி வைத்து இலைகளைக் கருக்கினார். "பசியில நிக்குதோன்னு நெனைச்சிட்டேன்" என்றார் மனைவியிடம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். வீட்டுக்குள் மலையகத் தமிழும் வேலியோரத்தில் வன்னித் தமிழும் பேசுவார். ரோசாவோடு எதையும் பேசுவதில்லை.

செடியைக் கேட்டவர் மனைவி ஞானேஸ்வரி. இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வவுனியா வைத்தியசாலையில் இரத்தம் சுத்திகரித்துத் திரும்பிய ஒரு நாள், தெருவோரப் பூச்சட்டிகளைக் கண்டு முச்சக்கரவண்டியை நிறுத்தச் சொன்னார். "என்னங்க, அந்தப் பட்டன் ரோசா ஒன்னு வாங்குவோம். நம்ம வீட்டுல பூத்த பூவ மாரியம்மாவுக்கு வைக்கணும். மருந்து படாத பூவா இருக்கணும்." தமக்கென்று எதையும் கேட்டறியாதவர் அவர்.

மனைவி சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தைப் பழனியாண்டி மறக்கவில்லை. ஒவ்வொரு போகமும் வயலுக்குப் பூச்சிமருந்தடித்தவர் அவர். வாளியில் நீர் நிறைத்து, வெறுங்கையால் மருந்தைக் கலக்கிக் கொடுத்தவர் ஞானேஸ்வரி. நோய்க்கு அதுதான் காரணம் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. பழனியாண்டிக்கு எவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

வேலிக்கு அப்பாலுள்ள கதிர்காமநாதன் பகிடிக்காரர். "பழனியண்ணை, உது ரோசாவோ, பூச்சியளுக்குப் போட்ட சாப்பாட்டுக் கடையோ? ஒரு மூடி மருந்து அடியுங்கோ, நாளைக்கே சுகம் வரும்."

"வேண்டாம், தம்பி. நான் அடிச்ச மருந்தெல்லாம் காணும், இனிப் போதும்."

ஆடியில் கச்சான் காற்று அனலாய் வீசியது. இலைகள் புள்ளி விழுந்து உதிர்ந்தன. இருந்த ஒரேயொரு மொட்டும் விரியாமலே காய்ந்தது. அப்போதுதான் பழனியாண்டிக்குத் தமக்குத் தெரிந்த வைத்தியம் நினைவுக்கு வந்தது: கவ்வாத்து. மூப்படைந்த தேயிலையை அடிக்கட்டை வரை வெட்டிவிட, அது புதிதாய்த் துளிர்க்கும். இளவயதில் அவர் செய்த தொழில் அது. கத்தியைத் தீட்டினார். கிளைக்கு ஒரே வெட்டு, நீர் தங்காத சாய்வு, பிளவு இல்லை. கை எதையும் மறந்திருக்கவில்லை.

"ஐயோ அண்ணை, மொட்டையடிச்சுப் போட்டியளே!" என்றார் கதிர்காமநாதன்.

"பொறுத்துப் பாருங்கோ. குப்பெண்டு தழைக்கும்."

ஆழ வேரோடிய தேயிலைக்கு அடிமரத்தில் சேமிப்பு உண்டு. சட்டிக்குள் ஒடுங்கி, இலையையும் இழந்து நின்ற சின்னஞ்சிறு ரோசாவுக்கு அது இல்லை. வெட்டுவாயில் தொடங்கிய கருமை ஒவ்வொரு தண்டாக மண் வரை இறங்கியது.

"துளிர் வந்திருச்சாங்க?" என்று படுக்கையிலிருந்து ஞானேஸ்வரி கேட்பார்.

"வருது, வருது."

இதைத் தவிர அவர் மனைவியிடம் பொய் சொன்னதாக எவரும் அறியார்.

ஒரு நாள் ஞானேஸ்வரி சட்டியை உள்ளே கொண்டுவரச் சொன்னார். சாக்குச் சொல்ல வாயெடுத்த பழனியாண்டி, பின் தூக்கிவந்து கட்டிலருகே வைத்தார். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த அந்த அம்மாளுக்குக் காய்ந்த கட்டை எது, உயிருள்ள கட்டை எது என்று எவரும் காட்டித்தர வேண்டியதில்லை. வீங்கிய விரலால் ஒவ்வொரு வெட்டாகத் தடவினார்.

"வெட்டு நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார்.

அவர் குடிக்கும் நீருக்கு வைத்தியர்கள் அளவு விதித்திருந்தனர். நாள் முழுவதும் நா வறண்டே கிடப்பார். அன்றைய பங்கில் அரைத் தம்ளர் மிஞ்சியிருந்தது. அதை எடுத்து நீட்டினார்.

"எனக்குப் போதும். அதுக்கு ஊத்துங்க."

பழனியாண்டி மறுக்கவில்லை. குந்தியிருந்து, கட்டையின் அடியில், ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் ஊற்றினார். அவர் அச்செடிக்கு இறுதியாக நீர் வார்த்தது 2025 ஓகஸ்ட் 18ஆம் திகதி, திங்கட்கிழமை.