தகட்டில் வந்த முகம்

டெங்குவில் பன்னிரண்டு நாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்த மகள் வீடு திரும்பிய மாதத்தில்தான் அந்தப் படத்தை வாங்கினேன். சாப்பிட்டாள், தூங்கினாள். சிரிக்கவில்லை. எந்நேரமும் ஏதாவது வரைந்துகொண்டிருந்தவள் மேசை மேலிருந்த வண்ணங்களைத் தொடவுமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கோவில்பட்டியில் மெத்தைக் கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கடை. உலகத்துப் பெரிய ஓவியங்களெல்லாம் மெல்லிய கோடு இழைத்த அலுமினியத் தகட்டில் அச்சாகித் தொங்கின. கடைக்காரருக்கு ஓவியர் ஒருவர் பெயரும் தெரியாது. அளவு தெரியும்: இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நான்கு. குளியலறை டைல்ஸ் விற்பவர்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்.

"கரையான் அரிக்காதுக்கா. நம்ம கரிசல்ல செவரே விரிஞ்சாலும் படம் அப்படியே நிக்கும்."

"படம் எப்படி இருக்கும்?"

"மினுங்கும்க்கா."

அவ்வளவுதான் அவர் ரசனை. எனக்கு ரசனை அதிகம் என்ற நினைப்பில், ஓடும் குதிரைகளை ஒதுக்கிவிட்டு, மகள் செல்போனில் வைத்திருந்த ஓவியத்தை அச்சிடச் சொன்னேன். ஜன்னலோரம் நிற்கும் ஒரு பெண்.

வந்த பிறகுதான் தெரிந்தது, தகட்டு அச்சில் வெள்ளை மை கிடையாதாம். வெளிச்சம் விழவேண்டிய இடமெல்லாம் வெறும் உலோகம். அவள் நெற்றியும் கன்னமும் ஈயம் பூசியதுபோல் இருந்தன. ரத்தத் தட்டணுக்கள் இறங்கிய அன்று என் மகள் முகம் இந்த நிறத்தில்தான் இருந்தது. அதை அவள் கட்டிலுக்கு எதிரே மாட்டியவளும் நானே. தப்பாக வாங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வீம்பு விடவில்லை. நலம் விசாரிக்க வந்த சொந்தங்கள் தகட்டைச் சுண்டிப் பார்த்து "நல்ல கனம்" என்றார்கள். மகள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கழுகுமலையிலிருந்து என் கணவரின் அக்கா வந்திருந்தார். வியாழக்கிழமை நான் காய்கறி வாங்கித் திரும்பியபோது, கொல்லையில் குத்துவிளக்குகளோடு அந்தத் தகடும் கிடந்தது. மதினி கையில் புளியும் சாம்பலும் தேங்காய் நாரும்.

"மதினி, என்ன செய்யுதீங்க?"

"நாளைக்கு வெள்ளிக்கெழமைல்லா? வெளக்கோட சேத்து இதையும் தேய்க்கேன். பொம்பளப்பிள்ள மொகத்துல இப்படிக் களிம்பு ஏற விட்டிருக்கியேட்டி!"

"மூக்கு எங்க?"

"அது மூக்கா? அழுக்குன்னுல்லா நெனச்சேன்!"

வாசல்படியில் மகள் நின்றிருந்தாள். "இன்னும் நாலு இழுப்பு இழுங்க அத்தை, உங்க மொகமே தெரியும்" என்றவள், சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து நாரைப் பிடுங்கி மீதி முகத்தைத் தானே தேய்த்தாள்.

அவள் சற்று அதிகம் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று இன்னமும் போய்ப் பார்க்கிறேன். தகடு தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகிவிட்டது. கடைக்காரர் சொன்னது சரிதான், கரையான் அரிக்கவில்லை. அதைத் தேய்த்த மறுநாளே மகள் ஒரு காகிதத்தை எடுத்து அத்தையை வரைந்தாள். மூக்கை மட்டும் விட்டுவிட்டாள்.