வட்டைக்குப் போன பதினோராம் ஆண்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குத் தடிமன் பிடித்தால் போதும், வகுப்பின் வரவு வீதம் படுத்துவிடும். அவ்வளவு சின்னப் பள்ளிக்கூடம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், இரண்டு கட்டடமும் ஒரு தண்ணீர்த் தாங்கியும். நான் மட்டக்களப்பு நகரத்துக்காரி. காலையில் ஸ்கூட்டியோடு ‘பாதை’யில் ஏறுவேன். பாதை என்றால் வீதி இல்லை. ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டைப் படகு. அக்கரையில் இறங்கி மண்ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போனால் என்னுடைய கணித வகுப்பு வரும்.

பதினோராம் ஆண்டு, ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் வகுப்பு. அதற்குள்ளும் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலோடு நகரத்துக்குப் பறந்துவிடுவார்கள். நாங்கள் ஒழுங்காகப் படிப்பித்தால் பிள்ளை போய்விடும், படிப்பிக்காவிட்டால் பேர் போய்விடும். ஒன்பதாம் ஆண்டு தாண்டியதும் பொடியன்கள் உழவு மெசினுக்கும் இறாலுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் கழன்றுகொள்வார்கள். மிச்சத்தைத் திரட்டினால் பதினோராம் ஆண்டில் சில பெண் பிள்ளைகளும், ஏன் வருகிறோம் என்று தெரியாமல் வரும் இரண்டு பொடியன்களும். இவர்களை வைத்துக்கொண்டுதான் நாங்கள் நகரத்துப் பெரிய பள்ளிக்கூடங்களோடு ஓட வேண்டும். கல்வி அலுவலகக் கூட்டத்தில் பெறுபேற்றைத் திரையில் போடும்போது எங்கள் பள்ளிக்கூடம் சிவப்பில் வரும். அதிபர் அன்றைக்கு முழுக்க யாரோடும் கதைக்கமாட்டார்.

அந்த வகுப்பில் ஒருத்தி இருந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளை ‘வட்டைக்காரி’ என்று கூப்பிடுவார்கள். வட்டை என்றால் வயல்வெளி. அவளுடைய அப்பா பிறத்தியாருடைய வயலைச் செய்கிறவர். கதிர் தலைகாட்டத் தொடங்கியதும் யானைக்குக் காவல் இருக்க வட்டைக்குள்ளேயே வாடிக் குடிசை போட்டுத் தங்கிவிடுவார். மகளும் கூடப் போய்விடுவாள். போகாவிட்டால் அந்த மனிசனுக்கு யார் சோறு ஆக்குவது? அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, அவள் கரும்பலகையை அழித்துக்கொண்டே சொன்னாள்:

“டீச்சர், நான் ஓ.எல்.லில எல்லாப் பாடமும் பாஸ் பண்ணினா அம்மா ஊருக்கு வந்திருவா. போனில சத்தியம் பண்ணினவ.”

“பெயில் எண்டா?”

“அத நாங்க கதைக்கல்ல.”

மற்றப் பாடங்களில் பயம் இல்லை. என்னுடைய பாடம்தான் குறுக்கே நின்றது. தவணைப் பரீட்சை ஒவ்வொன்றிலும் கணிதத்தில் மட்டும் மூக்குடைந்து வருவாள். அவள் அந்தச் சத்தியத்தைச் சொன்ன பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. அவள் ஒரு கணக்கைப் பிழையாகச் செய்தால், ஒரு தாயின் பயணத்தை நானே தள்ளிப்போட்டதுபோல இருக்கும்.

கதிர் தலைகாட்டியது, பிள்ளை வட்டைக்குப் போனாள், வரவு விழுந்தது. அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், வீதம் என்கிற ஒரு நோயைத் தவிர.

“டீச்சர், அவளை இந்த முறை நிப்பாட்டுவம். வரவு காணாது, கணக்கும் வராது. அடுத்த வருசம் வெளியில இருந்து எழுதட்டுமே. மிச்சம் எல்லாரும் பாஸ் பண்ணினா நமக்கு நூறு வீதம் வரும். யோசிச்சுப் பாருங்க, நூறு!”

அந்த ‘நூறு’ அவர் வாயில் பாயசம்போல இனித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சேர், சோதினையை வீதமா எழுதப் போகுது? வாற பிள்ளைக்கு மட்டும்தான் படிப்பெண்டா, யானைய முதல்ல நிப்பாட்டச் சொல்லுங்க!”

“யானைக்கு நான் என்ன டீச்சர் செய்யிற?”

“அப்ப பிள்ளை வராட்டி வகுப்பு போகட்டும்.”

கோபத்தில் வந்த சொல்தான். ஆனால் சொன்ன பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “வெளிக்களச் செயற்பாடு செய்யச் சொல்லித்தானே மேலிடமும் சொல்லுது. நீங்க வரவு டாப்பையும் கொண்டு போங்க. டாப்புக் கூப்பிடுற இடம்தான் வகுப்பு.”

இப்படித்தான் எங்கள் பதினோராம் ஆண்டு வட்டைக்குப் போனது. பின்னேர வகுப்புகளை அங்கே மாற்றினோம். வரம்பில் வரிசையாகச் சைக்கிள்கள், முன்னால் நான் ஸ்கூட்டியில், என் பின்னால் சுருட்டிய கரும்பலகைத் துணி. முதல் நாளே ஒரு பொடியன் வாய்க்காலுக்குள் சைக்கிளோடு விழுந்து, சேற்றோடு சேற்றாக இருந்து முக்கோணம் கீறினான். ஏன் வருகிறோம் என்று தெரியாத அந்த இரண்டு பேரும் இப்போது ஒரு நாளும் தவறவில்லை. வட்டைக்காரி ஆக்கும் மீன்குழம்புதான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்துவிட்டேன்.

காவல் பரணை வைத்துத்தான் திரிகோண கணிதம் நடந்தது. நிழலை அளந்து, கோணத்தைப் பிடித்து, பரணின் உயரத்தைக் கண்டுபிடித்தோம். அவளுடைய அப்பா வாடி வாசலில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பரண் எவ்வளவு உயரமெண்டு தெரிஞ்சா யானை வராதா டீச்சர்?”

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தலை குனிந்தபடி விடையைச் செய்துகொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுக் கணக்கையும் சரியாகச் செய்து என் முகத்துக்கு நேரே கொப்பியை நீட்டினாள். அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். வெளிக்களச் செயற்பாட்டில் அதற்கும் இடம் இருக்கும்தானே.

அதிபர் மறுபேச்சில்லாமல் அவளுக்கும் அனுமதி அட்டையைக் கொடுத்தார். பரீட்சை நடந்தது, முடிந்தது. பெறுபேறு வருகிற நாளில் எல்லாரும் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே கூடினோம். பள்ளிக்கூடத்தில் சிக்னல் பிடிக்கிற ஒரே இடம் அதுதான். அதிபர் கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராகப் பாஸ், பாஸ் என்று வந்தது. கடைசியாக அவளுடைய சுட்டெண்ணை அடித்தோம். எல்லாப் பாடமும் சித்தி. கணிதத்தில் சும்மா பாஸ் இல்லை, ‘சீ’ தரம்!

நான் கத்திய கத்தலில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. அதிபர் “நூறு! நூறு!” என்று சொல்லிக்கொண்டே ரோல்ஸ் வாங்க ஆள் அனுப்பினார். அவள் ஒன்றுக்கும் நிற்கவில்லை. என்னுடைய கைப்பேசியை வாங்கிக் குவைத்துக்கு வீடியோவில் அழைத்தாள்.

தலையைத் துணியால் மூடிக்கட்டிய ஒரு பெண், பெரிய சமையலறை ஒன்றில் நின்றபடி திரையில் வந்தார்.

“அம்மா, பாஸ்! எல்லாம் பாஸ்! வாங்க!”

அந்த அம்மா அழுதார், சிரித்தார், கைப்பேசியைக் கொஞ்சினார். பிறகு, “டீச்சர் பக்கத்தில நிக்கிறாவா? குடுகா” என்றார்.

நான் வாங்கினேன். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, “அது பரவாயில்ல” என்று சொல்லவும் தயாராக நின்றேன்.

“டீச்சர், அவளை ஏ.எல்.லுக்கு டவுணில விடுங்க. போடிங்கில நிண்டு படிக்கட்டும். நான் இன்னும் ரெண்டு வருசத்துக்கு இஞ்சயே நிக்கிறனெண்டு வேலை செய்யிற வீட்டுக்காரரிட்டச் சொல்லிப்போட்டன். இவள் பெயில் விட்டிருந்தா நான் வந்திருப்பன் டீச்சர். படிக்கிற பிள்ளைய வச்சிக்கொண்டு எப்பிடி வாற?”

நான் ஓடி ஓடிச் சொல்லிக்கொடுத்த கணக்கு அந்தத் தாயை அங்கேயே நிறுத்திவிட்டது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ரோல்ஸ் தட்டோடு வந்த அதிபரும் எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற அவள், என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினாள். அழவில்லை. கோபிக்கவும் இல்லை. தவணைப் பரீட்சைக்கு நாள் கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள்:

“சரி அம்மா. நான் ஏ.எல்.லும் பாஸ் பண்ணினா? மறுகா கம்பஸ் எண்டு நாலு வருசமா?”

திரையில் அம்மா தலைத்துணியை இழுத்துச் சரிசெய்தார். அந்த வீட்டின் உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“வைக்கிறன் மகள்,” என்றார்.